குற்றங்குறையோடு பெருமாளிடம் போகலாமா? சரணாகதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ரீவைஷ்ணவ சம்பிரதாயத்தில் சரணாகதியைப் பற்றிப் பேச்செடுத்தால், கேட்பவர்கள் தத்துவத்தில் ஆரம்பித்துச் சீக்கிரமே சொந்தக் கதைக்கு வந்துவிடுகிறார்கள். குடி, கடன், அப்பாவைக் கடைசிக் காலத்தில் கவனிக்காமல் விட்டது, யாருக்கும் தெரியாமல் செய்த ஒரு காரியம். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இப்படிப்பட்ட என்னை அவர் ஏற்பாரா? அந்தக் கேள்வியைச் சுற்றி வருபவற்றுக்கு, பூர்வாசார்யர்கள் சொன்னதை வைத்து முடிந்தவரை நேராகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

நிறையத் தப்பு செய்திருக்கிறேன். பெருமாள் முன்னால் போய் நிற்க எனக்கு என்ன யோக்கியதை?

யோக்கியதை இல்லை என்று தெரிவதுதான் இங்கே கேட்கப்படும் யோக்கியதை. சரணாகதிக்கு ஐந்து அங்கங்கள் சொல்வார்கள். அவருக்குப் பிடித்ததைச் செய்வேன் என்ற உறுதி, பிடிக்காததை விடுவேன் என்ற உறுதி, என் கையில் ஒன்றும் இல்லை என்று உணரும் கார்ப்பண்யம், அவர் நிச்சயம் காப்பார் என்ற மகாவிச்வாசம், ‘நீயே காக்க வேண்டும்’ என்று வாய்விட்டுக் கேட்பது. ‘எனக்கு என்ன யோக்கியதை’ என்று கேட்டீர்களே, அது அந்தக் கார்ப்பண்யம்தான்.

விபீஷண சரணாகதியைப் பாருங்கள். கடற்கரையில் ராமனிடம் அடைக்கலம் கேட்டு வந்து நிற்பவன் எதிரியின் தம்பி. ‘இவனைக் கொன்றுவிட வேண்டும்’ என்கிறான் சுக்ரீவன். ‘இவன் நல்லவனாகத்தான் தெரிகிறான், சேர்த்துக்கொள்ளலாம்’ என்கிறான் அனுமன். இரண்டு பேரும் பேசுவது விபீஷணனின் தகுதியைப் பற்றி. ராமன் அந்த விவாதத்துக்குள்ளேயே போகவில்லை. ‘அவனிடம் குற்றமே இருக்கட்டும், நண்பன் என்று சொல்லி வந்தவனை விட மாட்டேன்’ என்கிறான். அதோடு நிற்காமல், ‘வந்திருப்பது ராவணனாகவே இருந்தாலும் அபயம் கொடுத்தேன் என்று சொல், அழைத்து வா’ என்று சுக்ரீவனையே அனுப்புகிறான். அனுமன் சொன்ன காரணத்தை ராமன் எடுத்துக்கொண்டிருந்தால், நல்லவர்களுக்கு மட்டும் கதவு திறக்கும் என்று ஆகியிருக்கும். அதனால்தான் நம் பெரியவர்கள் இந்த இடத்தை அவ்வளவு கொண்டாடுகிறார்கள்.

இந்த நிகழ்ச்சியோடு சேர்த்துச் சொல்லப்படும் திவ்யதேசம், அதாவது ஆழ்வார்கள் பாடிய தலம், ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள திருப்புல்லாணி. தர்ப்பைப் புல்லில் படுத்த கோலத்தில் அங்கே ராமனைச் சேவிக்கலாம்.

ஆழ்வார்களும் ஆசார்யர்களும் தங்களைப் பாவி, நீசன் என்று சொல்லிக்கொள்வது வெறும் அடக்கம்தானே? அவர்களும் நாங்களும் ஒன்றா?

‘உலகத்தில் இழிவான காரியம் என்று எது உண்டோ, அதை நான் ஆயிரம் தடவை செய்திருக்கிறேன்’ என்கிறார் ஆளவந்தார். ராமானுஜரின் ஆசார்யரான பெரிய நம்பிக்கே ஆசார்யர் அவர். திருவேங்கடமுடையானின் தயையை ஒரு தேவியாகவே பாவித்து நூற்றுக்கு மேல் ஸ்லோகம் பாடிய வேதாந்த தேசிகன், ‘குற்றவாளிகளுக்கு நான் சக்கரவர்த்தி, குணங்களுக்கு நீ சக்கரவர்த்தினி’ என்று அந்தத் தயையிடமே சொல்கிறார். கொஞ்சம் சவால் தொனிகூட அதில் இருக்கிறது: என் அளவுக்கு ஈடுகொடுக்க உன்னால்தான் முடியும்.

இதற்கு நைச்யாநுசந்தானம் என்று பெயர் வைத்து, ‘நமக்காக அவர்கள் பேசினார்கள்’ என்று வியாக்கியானம் சொல்வதுண்டு. அது சரியான விளக்கம்தான். ஆனால் அதையே எல்லா இடத்திலும் போட்டு மூடிவிடுவது எனக்கு ஒப்பவில்லை. தொண்டரடிப்பொடியாழ்வாரை எடுத்துக்கொள்ளுங்கள். திருமண்டங்குடியில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் நந்தவனம் வைத்து அரங்கனுக்குப் பூமாலை கட்டிக்கொண்டிருந்தவர். தேவதேவி என்ற பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்தார், கைங்கர்யத்தை விட்டார், இருந்ததையெல்லாம் இழந்தார், கையில் காசு இல்லாமல் ஆனதும் அவள் வீட்டு வாசலில் கிடந்தார். கடைசியில் அரங்கனே ஆள் உருவில் வந்து தன் பொன்வட்டிலை அவர் பேரைச் சொல்லி அவளிடம் கொடுத்தான் என்பது குருபரம்பரைக் கதை. மறுநாள் கோயில் வட்டிலைக் காணவில்லை என்று ஆழ்வார் திருட்டுக் குற்றத்தில் மாட்டிக்கொண்டார். அரசன் கனவில் அரங்கன் வந்து உண்மையைச் சொன்ன பிறகுதான் விடுதலை.

அவர்தான் ‘சூதனாய்க் கள்வனாகித் தூர்த்தரோடு இசைந்த காலம்’ என்று பாடுகிறார். இதைப் பாசாங்கு என்று எப்படிச் சொல்வது? திருமங்கையாழ்வார் வழிப்பறி செய்தவர் என்பதைச் சம்பிரதாயம் ஒளிக்கவே இல்லை. இன்றைக்கும் வேடுபறி உற்சவம் நடத்தி அதை ஊரறியக் காட்டுகிறோம். ஆகவே ‘அவர்களும் நாமும் ஒன்றா’ என்ற கேள்வியில் பாதி அடிபட்டுப் போகிறது. பக்தியில் ஒன்றில்லை. தடுக்கி விழுந்ததில் அவ்வளவு தூரம் இல்லை.

பெருமாளிடம் நேராகக் கேட்டால் போதாதா? நடுவில் தாயார் (மகாலக்ஷ்மி) எதற்கு?

இதற்குப் புருஷகாரம் என்று பெயர், அதாவது சிபாரிசு. பெருமாள் தகப்பன் ஸ்தானம். கர்மத்துக்கு ஏற்ற பலனைக் கொடுக்கும் நியாயாதிபதியும் அவரே. தாயாருக்குத் தண்டிக்கும் வேலை கிடையாது. பிள்ளையின் குற்றத்தைத் தகப்பன் கண்ணிலிருந்து மறைப்பது மட்டும்தான் அவள் வேலை.

தாயாரின் அவதாரமான சீதையை வைத்து இரண்டு நிகழ்ச்சிகள் சொல்கிறேன். சித்திரகூடத்தில் ராமன் சீதையின் மடியில் தூங்குகிறான். காக்கை உருவில் வந்த இந்திரன் மகன் அவளைக் கொத்திப் புண்ணாக்குகிறான். ரத்தம் பட்டு விழித்த ராமன் ஒரு தர்ப்பைப் புல்லை எடுத்து பிரம்மாஸ்திரமாக விடுகிறான். காகம் மூன்று உலகமும் ஓடுகிறது. பெற்ற தகப்பனே கைவிடுகிறான். போக்கிடம் இல்லாமல் கடைசியில் ராமன் முன்னாலேயே வந்து விழுகிறது. கொல்லத் தகுந்த குற்றம்தான், ஆனாலும் கருணையால் காப்பாற்றினான் என்று வால்மீகியே எழுதுகிறார். விட்ட அஸ்திரம் வீணாகக்கூடாது என்று ஒரு கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது. நம் ஆசார்யர்கள் இங்கே ஒன்றைக் கவனித்தார்கள். இதே குற்றத்தைச் செய்த காகம் பிழைத்தது, ராவணன் பிழைக்கவில்லை. காகம் விழுந்தபோது பிராட்டி பக்கத்தில் இருந்தாள், ராவணன் விழுந்தபோது இல்லை.

இன்னொன்று யுத்தம் முடிந்த பிறகு. அசோகவனத்தில் சீதையை மாதக்கணக்கில் வதைத்த அரக்கியரை அடித்துக் கொல்ல அனுமன் அனுமதி கேட்கிறான். அவர்கள் மன்னிப்புக் கேட்கவில்லை, சரணம் என்று சொல்லவில்லை. சீதை தடுத்துவிட்டுச் சொன்ன பதில்: ‘குற்றம் செய்யாதவர் யார் இருக்கிறார்?’ இதைப் பற்றிப் பராசர பட்டர் சொன்னதுதான் உச்சம். ராமன் சரணம் என்று வந்த காகத்தையும் விபீஷணனையும் காத்தான். நீயோ கேட்காதவர்களையும், குற்றத்தின் ஈரம் காயாமல் நின்றவர்களையும் காத்தாய். உன்னால் ராமகோஷ்டியே சிறியதாகிவிட்டது என்கிறார்.

பெரியாழ்வார் இதைத் திருப்பிப் போட்டும் பாடியிருக்கிறார். அடியார்களைப் பற்றித் தாமரையாளே குறை சொன்னாலும், ‘என்னடியார் அது செய்யார், செய்தாரேல் நன்று செய்தார்’ என்பாராம் பெருமாள். குற்றத்தை எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லாத வீடு! தாயார் சும்மா ஆழம் பார்க்கத்தான் அப்படிச் சொன்னாள் என்று பெரியவர்கள் ரசிப்பார்கள்.

பெருமாளுக்கு நம் குற்றம் தெரியவே தெரியாதா? தெரிந்தும் பொறுக்கிறாரா?

எல்லாம் அறிந்தவருக்குத் தெரியாமல் எப்படி இருக்கும். தெரிந்து என்ன செய்கிறார் என்பதில்தான் ஸ்ரீவைஷ்ணவத்தின் இரண்டு பிரிவுகளான வடகலைக்கும் தென்கலைக்கும் கருத்து வேறுபாடு. வடகலை சம்பிரதாயத்தில், சரணம் என்று வந்தவனின் குற்றத்தை அவர் கணக்கில் எடுப்பதில்லை, காணாததுபோல் விடுகிறார் என்பார்கள். பிள்ளைலோகாசாரியர் வழியில் தென்கலையார் இன்னும் ஒரு படி போய், அந்தக் குற்றமே அவருக்குப் பிடித்துப்போகிறது என்பார்கள். அன்று ஈன்ற கன்றின் மேல் உள்ள அழுக்கைத் தாய்ப்பசு நாக்கால் நக்கி எடுப்பதுபோல. பசு மற்ற நேரத்தில் புல்லில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் முகர்ந்துவிட்டு ஒதுங்கும், கன்றின் மேல் உள்ளதை மட்டும் விருப்பத்தோடு நக்கும்.

இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார். இதை வைத்துத் தலைமுறை தலைமுறையாகச் சண்டையும் போட்டாயிற்று, கோர்ட்டுக்கும் போயாயிற்று. துக்கத்தோடு வந்து நிற்பவனுக்கு இரண்டு பக்கமும் சொல்வது ஒன்றே: உன் அழுக்கு உன்னைத் திருப்பி அனுப்பும் காரணம் ஆகாது.

குளித்து, நல்ல நாள் பார்த்து, சுத்தமாக இருந்தால்தான் சரணம் சொல்லலாமா?

திரௌபதி குளித்துவிட்டா சரணம் சொன்னாள் என்று கேட்கிறார் பிள்ளைலோகாசாரியர். மாதவிலக்கில் ஒற்றை வஸ்திரத்தோடு இருந்தவளைச் சபைக்கு இழுத்து வந்தார்கள், அந்த நிலையில்தான் அவள் கூப்பிட்டாள். ‘என்னையே சரணம் பற்று’ என்று கண்ணன் கீதையில் சொன்ன சரம ஸ்லோகத்தை அர்ஜுனன் கேட்டதும் கோயிலில் இல்லை, போர்க்களத்தில். தேசம், காலம், ஜாதி, ஆண் பெண் எதுவும் தடையில்லை.

சரி, நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஓர் ஆசார்யர். ஏதாவது ஒரு மடம், ஆசிரமம் அல்லது ஆசார்ய திருமாளிகையில் விசாரித்தால் சமாச்ரயணம் எந்தத் தேதியில் நடக்கிறது என்று சொல்வார்கள். சூடாக்கிய சங்கு சக்கர முத்திரையைத் தோளில் ஒற்றுவது, திருமண், தாஸ்ய நாமம், மந்திர உபதேசம், திருவாராதன முறை என்று ஐந்து சம்ஸ்காரங்கள் அதில் அடக்கம். சூடு பற்றிப் பயப்படாதவர் இல்லை, சின்னக் குழந்தைகளுக்கும் செய்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வடகலையில் இதற்கு மேல் பரந்யாசம் என்று தனியாக உண்டு. உங்களைக் காக்கும் பாரத்தை ஆசார்யர் மூலமாகப் பெருமாள் திருவடியில் ஒப்படைப்பது அது. தென்கலையில் ஆசார்ய சம்பந்தமே போதும், தனிச் சடங்கு இல்லை என்பார்கள்.

இதற்கெல்லாம் மாதிரி ராமானுஜர். ஒரு பங்குனி உத்திரத்தன்று ஸ்ரீரங்கத்தில் உற்சவ மூர்த்தியான நம்பெருமாளும் ரங்கநாயகித் தாயாரும் சேர்த்தியாக எழுந்தருளியிருந்தபோது அவர் சரணாகதி செய்தார். அந்த நாளில் ஸ்ரீரங்கத்தில் என்ன நடக்கிறது தெரியுமோ? உறையூர் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டுவிட்டு வந்ததற்காகத் தாயார் ஊடல் கொண்டு கதவைச் சாத்திவிடுகிறாள். பெருமாள் வாசலில் நின்று சமாதானம் சொல்கிறார், அவர்மேல் பூவும் பழமும் வந்து விழுகின்றன, கடைசியில் நம்மாழ்வார் நடுவில் வந்து சமரசம் செய்ய வேண்டியிருக்கிறது. பெருமாளே குற்றம் சாட்டப்பட்டு வாசலில் நிற்கிற நாள். ஊடல் தீர்ந்து திவ்யதம்பதி இருவரும் சந்தோஷமாக ஒன்றாக இருக்கிற அந்த நேரத்தில்தான் ராமானுஜர் விண்ணப்பம் வைத்தார். கேட்பதற்கு இதைவிட நல்ல சமயம் ஏது.

சரணாகதி ஆகிவிட்டது. ஆனாலும் பழைய பழக்கம் போகவில்லை. மறுபடி மறுபடி விழுகிறேன். எல்லாம் வீணாகிவிட்டதா?

அதிகம் வரும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் குடி, சூதாட்டம், செல்போனில் பார்க்கக்கூடாததைப் பார்ப்பது என்று ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டவர்கள்.

ராமானுஜர் அன்று கேட்ட மன்னிப்பு எவற்றுக்கு என்று பாருங்கள். செய்தவை, செய்துகொண்டிருப்பவை, செய்யப்போகிறவை, மூன்றையும் மிச்சமில்லாமல் பொறுத்தருள வேண்டும் என்கிறார். இனி விழவே மாட்டேன் என்று அவர் உத்தரவாதம் கொடுக்கவில்லை. ஆண்டாளும் ‘போய பிழையும் புகுதருவான் நின்றனவும் தீயினில் தூசாகும்’ என்று, நடந்ததையும் வரப்போவதையும் சேர்த்தே நெருப்பில் போடுகிறாள்.

சாஸ்திரப்படி வரிசையாகச் சொன்னால், சரணாகதிக்கு முன் சேர்ந்த பாவம் தொலைந்தது. அதற்குப் பிறகு தெரியாமல் நேர்ந்தவை ஒட்டுவதில்லை. தெரிந்தே செய்தவற்றுக்கு என்ன கதி என்பதைத் தேசிகன் விரிவாகவே பேசுகிறார். மனம் வருந்தித் திரும்ப மன்னிப்புக் கேட்டால் அதோடு போயிற்று. கல் நெஞ்சோடு இருந்துவிட்டால் இந்தப் பிறவியிலேயே லேசான தண்டனை ஏதோ கொடுத்துக் கழித்துவிடுவார், நரகம் என்ற பேச்சில்லை. காகத்துக்கு உயிரை விட்டு ஒரு கண்ணை மட்டும் எடுத்தது இதற்கு உதாரணம். தென்கலையில் சரணாகதியைத் திரும்பச் செய்வது என்பதே இல்லை. ஒருமுறை கொடுத்ததைத் திரும்பக் கொடுக்க அது உன்னிடம் ஏது என்பார்கள்.

எப்படியும் வீணாகவில்லை. விழுந்த அன்று கோயிலுக்குப் போகக் கூசிக்கொண்டு நான்கு வாரம் போகாமல் இருப்பது உண்டு பாருங்கள், அதுதான் வேண்டாம். குடிக்குச் சிகிச்சை மையம் இருந்தால் அங்கேயும் போங்கள். பெருமாளை நம்புகிறவன் வைத்தியரிடம் போகக்கூடாது என்று எந்த ஆசார்யரும் எழுதிவைக்கவில்லை.

அப்படியானால் எவ்வளவு வேண்டுமானாலும் தப்பு செய்யலாம் போலிருக்கிறதே?

இதை வாதத்துக்காகக் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் நொந்தவர் யாரும் கேட்டுப் பார்த்ததில்லை. பிடிக்காததை விடுவேன் என்ற உறுதியும் ஐந்து அங்கத்தில் ஒன்று என்று மேலே சொன்னேன். மன்னிப்பார் என்று கணக்குப் போட்டுச் செய்கிறவனுக்கு அந்த அங்கம் ஆரம்பத்திலேயே இல்லை.

ஒருவரை ஏமாற்றிவிட்டேன். உண்டியலில் கொஞ்சம் காசு போட்டு, பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டால் போதுமா?

போதாது. சம்பிரதாயம் கறாராக இருக்கிற இடம் இது.

ஸ்ரீரங்கத்தில் லோகசாரங்க முனி என்ற அர்ச்சகர் காவிரியில் தீர்த்தம் எடுக்க வந்தார். பாணர் குலத்தில் வளர்ந்த திருப்பாணாழ்வார் கரையில் நின்று அரங்கனை நினைத்துப் பாடி மெய்மறந்திருந்தார். முனி விலகச் சொன்னார், ஆழ்வார் காதில் விழவில்லை. கல்லை எடுத்து எறிந்தார், ஆழ்வாருக்கு ரத்தம் வந்தது. சந்நிதிக்குத் திரும்பினால் பெரிய பெருமாள் திருநெற்றியில் ரத்தம். அன்றிரவு அரங்கன் முனியிடம் சொன்னது ‘மன்னித்தேன் போ’ என்று இல்லை. ‘அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு என்னிடம் வா’ என்றார். முனி போய், மறுத்தவரை வற்புறுத்தி, தோளில் சுமந்து வந்தார். ஆழ்வாருக்கு முனிவாகனர் என்ற பெயர் நிலைத்ததும் அதனால். அம்பரீஷனிடம் வம்பு செய்து சக்கரத்துக்குப் பயந்து ஓடிவந்த துர்வாசரிடமும் பெருமாள் இதையேதான் சொன்னார்: என்னால் ஆகாது, அவனிடமே போ.

தன்னிடம் பட்ட குற்றத்தை எளிதில் பொறுப்பவர், அடியார்களிடம் பட்டதைப் பொறுப்பதில்லை. அதற்குப் பாகவத அபசாரம் என்று பெயர். ஆகவே ஏமாற்றியது பணம் என்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் தவணையில். பேரைக் கெடுத்திருந்தால் யாரிடம் கெடுத்தீர்களோ அவர்களிடமே போய் உண்மையைச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவர் காலமாகிவிட்டால் அவர் குடும்பத்துக்குச் செய்ய வேண்டியது ஏதாவது நிச்சயம் இருக்கும். உண்டியலில் போடுவது தனி விஷயம், இந்தக் கடன் அதில் கழியாது.

இன்னும் ஒன்று. உங்களைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருக்கிறது என்றால், மன்னிப்புக் கேட்கிறேன் என்று வாசலில் போய் நிற்காதீர்கள். அது உங்கள் மன ஆறுதலுக்காக அவரை இரண்டாம் முறை படுத்துவது. நடுவில் ஒரு பெரியவர் மூலம் செய்தி சொல்லி, அவர் விரும்பினால் மட்டும் போங்கள்.

எனக்குக் கெடுதல் செய்தவரையும் நான் மன்னித்தால்தான் எனக்கு மன்னிப்பா?

அப்படி ஒரு நிபந்தனை எங்கேயும் இல்லை. மன்னித்தவர்களின் கதை உண்டு. ராமானுஜரின் சீடரான கூரத்தாழ்வான் சோழ ராஜசபையில் கண்களை இழந்தார், அதற்குத் தூண்டுகோலாக இருந்தவன் நாலூரான். பின்னால் ராமானுஜரின் கட்டளைப்படி காஞ்சி வரதனைப் பாடிப் பார்வையை வேண்டிக்கொள்ளப் போனவர், ‘நான் பெறுகிற பேறு நாலூரானும் பெற வேண்டும்’ என்று கேட்டுவிட்டு வந்தார். கண்ணைக் கேட்கவே இல்லை. ராமானுஜருக்கே இது பொறுக்கவில்லை, அப்புறம் உருகிப்போனார்.

அது ஆழ்வான். அடிக்கிற கணவனிடம் திரும்பிப் போகச் சொல்வதற்கு இந்தக் கதையைப் பயன்படுத்துகிறவர்களைக் கண்டிருக்கிறேன், அது பெரிய அநியாயம். ஆழ்வான் நாலூரானுக்கு மோட்சம் கேட்டார், அவன் வீட்டில் போய்க் குடியிருக்கவில்லை.

எனக்கு வந்த நோயும், வீட்டில் நேர்ந்த துக்கமும் என் பாவத்துக்குத் தண்டனையா?

குழந்தையைப் பறிகொடுத்த ஒருவரிடம் ‘பூர்வ ஜன்ம பாவம்’ என்று துக்கம் விசாரிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் புண்ணியம். பிராரப்த கர்மம் என்று சாஸ்திரம் சொல்வது பொதுவான விதி. இன்னாருடைய இந்தத் துக்கம் அவர் செய்த இந்தக் காரியத்தால் வந்தது என்று கணக்குச் சொல்லும் அதிகாரம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. கூரத்தாழ்வானுக்குக் கண் போயிற்று, அதனால் அவர் பாவியா? நம்பெருமாளைக் காப்பாற்ற, படையெடுப்பின்போது அவரை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு வெளியேறிய பிள்ளைலோகாசாரியர், திரும்ப ஸ்ரீரங்கத்தைப் பார்க்காமலேயே மதுரைக்குப் பக்கத்தில் ஜ்யோதிஷ்குடியில் திருநாடு எய்தினார், அதாவது காலமானார். அதற்கு என்ன கணக்கு எழுதுவது?

பரிகாரம் செய்து, அழுது, எல்லாம் ஆயிற்று. குற்ற உணர்ச்சி மட்டும் போகவில்லை.

மன்னித்தேன் என்று அவர் சொன்ன பிறகும் ‘இல்லை, நான் மன்னிக்க முடியாதவன்’ என்று பிடிவாதம் பிடிப்பதில் மகாவிச்வாசக் குறைவு இருக்கிறது என்று பெரியவர்கள் கண்டிப்பார்கள். கண்ணன் சரம ஸ்லோகத்தை முடிக்கிற சொல்லே ‘வருந்தாதே’ என்பதுதான். ஆனால் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் அது விச்வாசக் குறைவு இல்லை, நோய். இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள்.

சந்தியாவந்தனம் விட்டுப்போயிற்று, பூஜையில் மந்திரம் தப்பாகச் சொல்கிறேன். தோஷமா?

திருவாராதனத்தின் முடிவில் சொல்லும் ஒரு ஸ்லோகத்துக்கு அர்த்தம் இது: ‘உபசாரம் என்ற பெயரில் தினந்தோறும் நான் செய்த அபசாரங்களையெல்லாம் பொறுத்தருள வேண்டும்.’ பிசகாமல் செய்தவரும் இதைச் சொல்லித்தான் முடிக்க வேண்டும். கோயில்களில் ஆண்டுக்கொருமுறை பவித்ரோத்சவம் நடப்பதும் வருஷம் முழுக்க ஆராதனையில் ஏற்பட்ட குறைகளைத் தீர்க்கத்தான். விட்டதை நாளையிலிருந்து ஆரம்பியுங்கள்.

அம்மாவுக்கு ஞாபகம் தப்பிவிட்டது. எங்களையே தெரியவில்லை, வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். வாழ்நாளெல்லாம் திருப்பாவை சொன்னவள். கடைசி நேரத்தில் பெருமாளை நினைக்காமல் போனால் என்ன ஆகும்?

வராகப் பெருமாள் பூமிப்பிராட்டிக்குச் சொன்ன வார்த்தை இந்த நிலைமைக்காகவே இருக்கிறது. உடம்பும் மனமும் நன்றாக இருக்கும்போது ஒருவன் என்னை நினைத்திருந்தால் போதும். பிறகு கட்டையைப் போல, கல்லைப் போல அவன் கிடக்கும்போது, நான் அவனை நினைக்கிறேன், நான் அவனைப் பரமபதத்துக்கு அழைத்துப் போகிறேன் என்கிறார். நினைக்க வேண்டிய பொறுப்பு கைமாறிவிடுகிறது.

பெரியாழ்வாரும் இந்தப் பயத்தை அறிந்தவர்தான். தளர்ச்சி வந்து நலியும்போது உன்னை நினைக்க மாட்டேன், ‘அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன்’ என்று அரங்கனிடம் முன்கூட்டியே பதிவு செய்துவிட்டார். உங்கள் அம்மா மார்கழி தோறும் சொன்ன திருப்பாவை அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. இப்போது அவள் வாயில் வரும் வசவு நோயின் பேச்சு, அவள் பேச்சு இல்லை. பெருமாளிடம் ‘சீறி அருளாதே’ என்று ஆண்டாள் கேட்டது அறியாத பிள்ளைகளுக்காக, அறிவு தப்பிய தாய்க்கும் அது செல்லும். நீங்கள் அவளுக்கு மருந்து கொடுத்து, துணி மாற்றி, முடிந்தபோது பாசுரத்தைப் பக்கத்தில் சொல்லுங்கள். கேட்கிறாளா என்று சோதிக்க வேண்டாம். எரிச்சலில் ஒரு நாள் கத்திவிட்டால் அதையும் அவர் கணக்கில் எடுக்க மாட்டார். ஆனால் தனியாளாகத் தாங்காதீர்கள், அண்ணன் தம்பிகளை முறை வைத்துக் கூப்பிடுங்கள்.

இதற்கென்று போய்ச் சேவிக்க ஒரு திவ்யதேசம் சொல்லுங்களேன்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருவிண்ணகர் ஒப்பிலியப்பன். திருவடியைக் காட்டும் வலது திருக்கையில் ‘மாம் ஏகம் சரணம் வ்ரஜ’ என்று பொறித்திருக்கும், அர்ச்சகர் தீபம் காட்டும்போது எடுத்துச் சொல்வார். பெருமாள் பெண் கேட்டு வந்தபோது மார்க்கண்டேயர், ‘என் பெண் சின்னவள், உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாது’ என்று தட்டிக்கழிக்கப் பார்த்தாராம். ‘உப்பில்லாமலே சாப்பிடுகிறேன், பெண்ணைக் கொடும்’ என்றார் பெருமாள். இன்றைக்கும் அங்கே தளிகை முழுக்க உப்பில்லாமல்தான். உப்புப் போட்ட பண்டம் எதையும் சந்நிதிக்கு எடுத்துப் போகாதீர்கள்.

ஸ்ரீரங்கம் போவதானால் பங்குனி உத்திரச் சேர்த்தி. தாயார் சந்நிதி வளாகத்தில் கூட்டம் நெரியும், வரிசையில் நீண்ட நேரம் நிற்க வேண்டிவரும். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் எந்த நேரம் வசதி என்று உள்ளூர்க்காரர் யாரிடமாவது முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது.